கென்னடியின் மசோதா, ஜான்சனின் கையெழுத்து: பெருமை யாருக்கு?

மார்ச் 2, காலை

வாசகர் ஒருவர் கேட்டது: "1964 சிவில் உரிமைச் சட்டம் கென்னடி கொண்டுவந்தது. அவர் கொல்லப்பட்ட அனுதாபத்தில் அது தானாக நிறைவேறிவிட்டது. லிண்டன் ஜான்சன் கையெழுத்து மட்டும்தான் போட்டார். அப்புறம் வியட்நாமில் போய் நாட்டையே சிக்கவைத்தார். அவரை ஏன் சீர்திருத்தவாதி என்று கொண்டாடுகிறீர்கள்?"

மார்ச் 2, இரவு

தானாக நிறைவேறியது என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

நிறப் பிரிவினையைத் தடை செய்யும் அந்த மசோதாவைக் கென்னடி அனுப்பியது 1963 ஜூனில். நவம்பர் 22 அன்று டாலஸில் அவர் சுடப்பட்டபோது அது பிரதிநிதிகள் சபையின் விதிகள் குழுவில் கிடந்தது. குழுத் தலைவர் ஹோவர்ட் ஸ்மித், வர்ஜீனியாக்காரர், நிறப் பிரிவினை இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்தவர். அவர் நாள் குறித்தால்தான் மசோதா சபைக்கே வரும். அவர் குறிக்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டினால் செனட். அங்கே தென் மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் மாறி மாறிப் பேசியே மசோதாவைச் சாகடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதுவரை எந்தச் சிவில் உரிமை மசோதாவுக்கும் அந்த ஓட்டு கிடைத்ததில்லை.

நாடே அழுதுகொண்டிருந்தது, உண்மை. ஆனால் ஸ்மித் அழுததால் நாள் குறிக்கவில்லை. குழுவைச் சுற்றிக்கொண்டு மசோதாவை நேராகச் சபைக்கு இழுக்க உறுப்பினர்களிடம் கையெழுத்து சேர்க்கத் தொடங்கினார்கள். ஜான்சன் தானே தொலைபேசியில் உட்கார்ந்து ஆள் ஆளாகப் பிடித்தார். கையெழுத்து ஏற ஏற, அவமானப்பட்டுத் தோற்பதைவிட விட்டுவிடுவதே மேல் என்று ஸ்மித் இறங்கி வந்தார். 1964 பிப்ரவரி 10 அன்று சபையில் 290க்கு 130.

மார்ச் 3

நேற்று எழுதியதில் முக்கியமான பாதி விட்டுப்போனது. சிவில் உரிமை மசோதாவைக் காப்பாற்றியதில் ஒரு வரி மசோதாவுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு ஜான்சன் மேல் மதிப்பு வந்த இடமே அதுதான்.

கென்னடி ஆட்சி இரண்டு பெரிய மசோதாக்களை ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது: வரிக்குறைப்பு, சிவில் உரிமை. தெற்கத்தியர்களின் உத்தி எளிமையானது. சிவில் உரிமை மசோதா செனட்டுக்கு வந்ததும் பேச்சைத் தொடங்குவார்கள், சபை முடங்கும், வரி மசோதாவும் மற்ற செலவு மசோதாக்களும் பின்னால் தேங்கும். வணிகர்கள் முனகுவார்கள், மாநிலங்கள் முனகும், கடைசியில் அரசே சிவில் உரிமையைத் திரும்பப் பெறும். பல தடவை இப்படித்தான் நடந்திருக்கிறது. ஜான்சன் துணை அதிபராக இருந்தபோதே கென்னடியின் ஆட்களிடம் இதைச் சொன்னார்: மற்றதையெல்லாம் முதலில் முடித்துவிட்டு அப்புறம் இதை அனுப்புங்கள் என்று. யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை.

அதிபரானதும் அவர் முதலில் போய் நின்றது ஹாரி பேர்டிடம். செனட் நிதிக் குழுத் தலைவர். அவரும் வர்ஜீனியா, அவரும் பிரிவினைக்காரர், ஆனால் அவருக்கு உயிர் சிக்கனம். செலவுத் திட்டம் 10,000 கோடி டாலருக்குக் கீழே வராமல் வரி மசோதாவை விடமாட்டேன் என்றார். ஜான்சன் அமைச்சகம் அமைச்சகமாக வெட்டி 9,790 கோடிக்குக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளை மாளிகையில் தேவையில்லாத விளக்குகளை அணைக்கச் சொன்னதும் அந்த நாட்களில்தான். பிப்ரவரி 26 அன்று வரிச் சட்டத்தில் கையெழுத்தாகிவிட்டது. சிவில் உரிமை மசோதா செனட்டில் விவாதத்துக்கு வந்தது மார்ச்சில். தெற்கத்தியர்களுக்குப் பிணை வைக்க எதுவும் மிச்சமில்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார் ஜான்சன்.

செனட் நீதித் துறைக் குழுவின் தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். அவர் கைக்குப் போனால் மசோதா திரும்பாது. அதனால் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்ட் அதைக் குழுவுக்கு அனுப்பாமலே நேராகச் சபைப் பட்டியலில் வைத்தார். குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன் இல்லாமல் கணக்கு தேறாது என்பதால், அவரோடு பேசி முடிக்கும் பொறுப்பு செனட்டர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரிக்கு. ஜூன் 10 அன்று விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 71 பேர் ஆதரவு, 29 பேர் எதிர்ப்பு. மூளைக் கட்டியால் பேச்சு இழந்திருந்த கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் கையை உயர்த்திக் கண்ணைத் தொட்டுக் காட்டித் தன் ஆதரவைச் சொன்னார். அடுத்த மாதமே இறந்துபோனார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மார்ச் 3, பின்னிரவு

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தச் சட்டத்தின் உண்மையான சொந்தக்காரர்கள் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நாய்களுக்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் முன்னால் நின்ற பிள்ளைகள். கென்னடி மசோதா அனுப்பியதே அவர்களால். நான் கென்னடியா ஜான்சனா என்ற கேள்விக்குள் நின்று எழுதியதால் அவர்கள் மறைந்துபோனது போலத் தெரிகிறது. மறையக் கூடாது.

மார்ச் 5

"1957க்கு முன்னால் அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று எழுதுங்களேன்" என்று ஒருவர் சவால் விட்டிருக்கிறார். எழுதுகிறேன்.

1937இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனது முதல் இருபது ஆண்டுகள், ஜான்சன் சிவில் உரிமை பேசும் எந்த மசோதாவுக்கும் ஆதரவாக ஓட்டளிக்கவில்லை. கும்பல் கொலையைத் தடுக்கும் மசோதா, ஓட்டுரிமைக்கு வரி வாங்குவதை ஒழிக்கும் மசோதா எல்லாவற்றையும் எதிர்த்தார். 1948 மே மாதம் ஆஸ்டினின் வுல்ட்ரிட்ஜ் பூங்காவில் செனட் பிரசாரத்தைத் தொடங்கியபோது அன்றைய அதிபர் ட்ரூமனின் சிவில் உரிமைத் திட்டத்தைத் திட்டித்தான் பேசினார். நான் ஆஸ்டினில் இருப்பவன். அந்தப் பூங்கா வழியாகப் போகும்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

அதே ஆள் 1928இல், இருபது வயதில், மெக்சிகோ எல்லைப் பக்கம் கொட்டுல்லா என்ற ஊரில் ஆசிரியராக இருந்தார். கல்லூரிக்குப் பணம் போதாமல் இடையில் எடுத்த வேலை. வெல்ஹௌசன் பள்ளி, பிள்ளைகள் எல்லோரும் மெக்சிக வழியினர், காலையில் சாப்பிடாமல் வருபவர்கள். முதல் சம்பளத்தில் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கினார். பள்ளியில் ஸ்பானிய மொழி பேசினால் அடித்தார் என்பதும் அங்கே படித்தவர்கள் சொன்னதுதான்.

1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா பாலத்தில் போலீசார் ஓட்டுரிமை கேட்டு வந்த ஊர்வலத்தை அடித்து நொறுக்கினார்கள். எட்டு நாள் கழித்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன்னால் நின்று ஜான்சன் ஓட்டுரிமைச் சட்டம் கேட்டார். போராட்டப் பாடலின் வரியையே தன் வாயால் சொன்னார். அந்தப் பேச்சின் கடைசியில் கொட்டுல்லா பிள்ளைகளைக் கொண்டுவந்தார். அவர்களைப் போன்றவர்களுக்கு உதவும் வாய்ப்பு கிடைக்கும் என்று அப்போது கனவிலும் நினைக்கவில்லை, இப்போது கிடைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்தப் போகிறேன் என்றார்.

சரி, எது உண்மையான ஜான்சன்? அந்தப் பிள்ளைகள் மேல் இருந்த பரிவு உண்மை, இருபது வருட ஓட்டும் உண்மை என்றே நினைக்கிறேன். டெக்சஸில் ஜெயிக்க வேண்டியிருந்தபோது பரிவை மடித்து உள்ளே வைத்தார். அதிகாரம் கைக்கு வந்ததும் வெளியே எடுத்தார். இடையில் போன இருபது வருடம் கறுப்பின மக்களுக்குப் போன வருடங்கள். அதை அவருக்கு யாரும் தள்ளுபடி செய்ய முடியாது.

மார்ச் 5, இரவு

1948 தேர்தலைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், களவுதான் என்று நானும் நினைக்கிறேன். உட்கட்சித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் கோக் ஸ்டீவன்சனை அவர் வென்றது 87 ஓட்டில். ஜிம் வெல்ஸ் மாவட்டம் ஆலிஸ் ஊரின் 13ஆம் பெட்டியில் சில நாள் கழித்துக் கூடுதலாக இருநூறு பெயர் முளைத்தது. ஒரே மை, அகர வரிசையில் பெயர்கள்.

மார்ச் 8

வேலை நெருக்கடியில் இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் மெடிகேர் பற்றி நிறையப் பேசியிருக்கிறீர்கள். "முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் நிறப் பிரிவினைக்கும் என்ன சம்பந்தம்" என்ற கேள்வி நல்ல கேள்வி.

1964 சட்டத்தின் ஆறாம் பகுதி சொல்வது இது: ஒன்றிய அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் நிறம் பார்க்கக் கூடாது. எழுதும்போது வெறும் வாக்கியம். 1965 ஜூலை 30 அன்று மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் நகரில், ட்ரூமனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1966 ஜூலை 1 முதல் நாட்டிலுள்ள ஏறக்குறைய ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அரசுப் பணம் பாயப் போகிறது. அப்போதுதான் அந்த வாக்கியத்துக்குப் பல் முளைத்தது. தெற்கில் அதுவரை தனி வார்டு, தனி வாசல், ரத்தத்தைக்கூடப் பிரித்து வைத்த இடங்கள். கறுப்பினப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் பக்கத்து மருத்துவமனையைத் தாண்டி எங்கேயோ போக வேண்டும். அரசு ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள்: பிரிவினை இருந்தால் மெடிகேர் பணம் கிடையாது. சில மாதங்களில் பெரும்பாலான மருத்துவமனைகள் வார்டுகளைக் கலந்துவிட்டன. பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த வழக்கு நீதிமன்றத்தில் 1954இல் வென்றும் பத்து வருடம் இழுத்தடித்த அதே ஊர்கள்!

ஜான்சனிடம் நான் பார்ப்பது இதைத்தான். உரிமையை எழுதிவிட்டு நிற்காமல், அதை மீறினால் எதை இழப்பாய் என்றும் எழுதினார். ஓட்டுரிமைச் சட்டமும் அப்படித்தான். 1965 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்து. எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் நடந்த மோசடி நின்றது. பதிவு செய்ய மறுக்கும் மாவட்டங்களுக்கு ஒன்றிய அதிகாரிகளே சில நாளில் போய் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்த கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 1967க்குள் அறுபது பேர் அளவுக்கு ஏறியது.

மார்ச் 8, சற்றுக் கழித்து

மெடிகேர் எப்படி ஒட்டப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் பல ஆண்டு அதை மறித்துவந்தார். 1964 நவம்பரில் ஜான்சன் 44 மாநிலங்களில் வென்று, அவரது ஜனநாயகக் கட்சிக்குப் பிரதிநிதிகள் சபையில் 295 இடம் வந்ததும் காற்று மாறியது. மில்ஸ் மூன்று போட்டித் திட்டங்களையும் ஒன்றாக்கினார். மருத்துவமனைச் செலவுக்கு அரசின் திட்டம், மருத்துவர் கட்டணத்துக்குக் குடியரசுக் கட்சியின் திட்டம், ஏழைகளுக்கு மெடிகெய்ட். எதிர்த்தவர்கள் தங்கள் திட்டத்தையே எதிர்க்க வேண்டிய நிலை. ஜான்சன் அந்தப் புகழை மில்ஸே எடுத்துக்கொள்ள விட்டார்.

மார்ச் 11

இது கொஞ்சம் விலகிப் போகிறது, பரவாயில்லை.

ஆஸ்டினுக்கு மேற்கே குன்றுப் பகுதியில் ஜான்சன் சிட்டி இருக்கிறது. அவர் வளர்ந்த வீடு இன்றும் அங்கே உண்டு. அப்பா சாம் ஜான்சன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், பருத்தி விலை விழுந்ததில் நிலத்தை இழந்து கடனாளியானவர். 1930களின் பிற்பகுதி வரை அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் மின்சாரம் இல்லை. பெண்கள் கிணற்றில் இறைத்து, சுமந்து, விறகடுப்பில் சூடாக்கி, இரும்புப் பெட்டியை அடுப்பில் காய்ச்சித் துணி தேய்த்தார்கள். நாற்பது வயதில் கூன் விழுந்துவிடும். என் பாட்டியின் முதுகைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்த வீட்டில் வழிகாட்டி இதைச் சொன்னபோது மேலே நடக்க முடியாமல் நின்றுவிட்டேன்.

தனியார் நிறுவனங்கள் லாபமில்லை என்று வரவில்லை. அரசு கடன் தரும் கிராம மின்மயத் துறையோ, ஒரு மைலுக்கு மூன்று வீடாவது வேண்டும் என்ற விதி வைத்திருந்தது. குன்றில் வீடுகள் அவ்வளவு நெருக்கமில்லை. புது உறுப்பினரான ஜான்சன் அதிபர் ரூஸ்வெல்ட்டிடமே போய் விதிவிலக்கு வாங்கினார். கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் வந்தது, 1939இல் விளக்கு எரிந்தது. இதில் அவருக்கு யார் மேலும் பயமில்லை, யாரோடும் பேரமில்லை. அரசு மனது வைத்தால் மனிதர்களின் முதுகு நிமிரும் என்பதைக் கண்ணால் பார்த்த இளைஞர். 1964இல் வறுமை மீது போர் என்று அவர் அறிவித்ததை வெறும் மேடைப் பேச்சாக என்னால் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

மார்ச் 12

"வியட்நாமைத் தவிர்த்துக்கொண்டே போகிறீர்கள்." சரி, வருகிறேன்.

1965 மார்ச் 7 செல்மா. மறுநாள் மார்ச் 8, அமெரிக்க மரைன் படை வீரர்கள் வியட்நாமின் டா நாங் கரையில் இறங்கினார்கள். ஒரே வாரம், ஒரே அதிபர். நல்லவர், கெட்டவர் என்று இரண்டு அதிபர்கள் இருந்ததுபோல எழுதுவது எனக்குப் பிடிக்காது.

அவருக்குத் தெரியாமல் நடந்ததா? அவருடைய தொலைபேசிப் பேச்சுகள் நாடாவில் பதிவாகி இன்று எல்லோரும் கேட்கும்படி இருக்கின்றன. 1964 மே 27 அன்று பேசியதைக் கேட்டேன். அது சண்டை போடத் தகுந்த இடமாகத் தனக்குத் தோன்றவில்லை, ஆனால் வெளியே வரவும் முடியாது என்கிறார். தெரிந்தே போனார். ஆகஸ்டில் வியட்நாமுக்கு அருகே டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் சொல்லி, போர் நடத்த நாடாளுமன்றத்தில் வெற்றுக் காசோலை வாங்கினார். அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை. செனட்டில் எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்சும் எர்னெஸ்ட் குரூனிங்கும் மட்டும். 1968இல் படை ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

செனட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் என்ன வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தவர், வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னுக்கும் ஏதோ ஒரு விலை இருக்கும் என்று நம்பினார். 1965 ஏப்ரலில் மீகாங் ஆற்றில் பெரிய அணைத் திட்டம் தருகிறேன் என்று பகிரங்கமாகவே அறிவித்தார். குன்றுப் பகுதிக்கு விளக்கு கொண்டுவந்த அதே மனம். தன் நாட்டின் விடுதலைக்காகச் சண்டை போடுகிறவனிடம் அது செல்லவில்லை.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. 1966இல் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, ராணுவத் தேர்வில் தவறியவர்களையும் சேர்க்கும் திட்டம் தொடங்கினார். வறுமை ஒழிப்பின் பகுதி என்றே அது சொல்லப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பிள்ளைகள், படிப்பு வராதவர்கள், இப்படிச் சேர்க்கப்பட்டு நிறையப் பேர் போர்முனைக்கே போனார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். வறுமைத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் போர் தின்றது என்று மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் வெளிப்படையாகப் பேசினார். சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாரத்துக் கலவரங்களுக்கு நடுவே, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும், முடங்கிக் கிடந்த வீட்டுரிமைச் சட்டத்தை ஜான்சன் நிறைவேற்ற வைத்து ஏப்ரல் 11 அன்று கையெழுத்திட்டார். அதற்குள் மார்ச் 31 அன்றே மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்திருந்தார்.

மார்ச் 13

"அப்படியானால் கழித்தால் மிச்சம் என்ன?" கழிக்க முடியாது. வியட்நாமில் செத்தவர்களை மிசிசிப்பியின் ஓட்டுகளால் ஈடுகட்டும் கணக்கு எனக்குத் தெரியவில்லை. அந்த ஓட்டுகளை இல்லையென்று சொல்லவும் மாட்டேன்.

மார்ச் 16

கோதுமை பற்றி நினைவூட்டியவருக்கு நன்றி. நம் ஊரை நேரடியாகத் தொட்ட ஜான்சன் கதை அதுதான்.

1965, 66 இரண்டு வருடமும் இந்தியாவில் மழை பொய்த்தது. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வரும் அமெரிக்கக் கோதுமை இல்லாவிட்டால் பட்டினிதான். ஜான்சன் கயிற்றைக் கட்டையாகப் பிடித்தார்: ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் போடாமல், ஒவ்வொரு தொகுதிக் கப்பலுக்கும் தானே அனுமதி தந்தார். விவசாயத்தில் முதலீடு செய்யுங்கள் என்பது ஒரு காரணம். வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா கண்டித்தது எரிச்சலூட்டியதும் ஒரு காரணம். நம் பொள்ளாச்சி சி. சுப்பிரமணியம் அப்போது உணவு, விவசாய அமைச்சர். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு பேசி ஒப்பந்தம் செய்தார். அதில் இருந்த மாற்றங்களில் பல, சி.எஸ். ஏற்கெனவே செய்ய நினைத்துத் தில்லியில் எதிர்ப்பைச் சந்தித்தவை. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை வந்தது.

என் அப்பா தருமபுரிப் பக்கம் பள்ளியில் அமெரிக்கக் கோதுமை உப்புமா சாப்பிட்டவர். அந்த வாசனையை இன்றும் சொல்வார், நன்றியோடும் வெறுப்போடும். பசித்த நாட்டைக் கப்பல் கப்பலாகக் காக்க வைத்தது எனக்கு ஏற்புடையதில்லை. பசுமைப் புரட்சி அந்த நெருக்கடியால்தான் வந்தது என்று அவருக்குப் பாராட்டு தருகிறவர்கள், சி.எஸ்.ஸின் பிடிவாதத்தையும் விஞ்ஞானிகளின் உழைப்பையும் சிறிதாக்குகிறார்கள்.

மார்ச் 19

குடியேற்றச் சட்டம் பற்றி நாலைந்து பேர் கேட்டாயிற்று. 1946 முதல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கீடு. 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலைக்குக் கீழே உட்கார்ந்து ஜான்சன் அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தார். இது புரட்சிகரமான சட்டமில்லை என்று அன்று அவரே சொன்னார். குடும்ப உறவுக்கு முன்னுரிமை கொடுத்தால் ஐரோப்பியர்களே வருவார்கள் என்று நம்பி ஆதரித்தவர்களும் உண்டு. என் மாமா 1970இல் பொறியாளராக வந்தார், அவர் வழியாக நாங்கள். இந்த ஊரில் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் இருப்பது அந்தக் கையெழுத்தால்தான். அதைத் தந்தவர்கள் செல்மாவில் அடிவாங்கியவர்கள் என்பதை நம் ஆட்கள் மறந்து பேசும்போது எனக்கு வலிக்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு விதி. அதுவரை மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. 1968 முதல் அந்த அரைக்கோள நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 என்று முதன்முறையாக வரம்பு வந்தது. பண்ணை வேலைக்கு ஆள் கூட்டிவரும் பிரசேரோ ஒப்பந்தமும் 1964 முடிவில் நிறுத்தப்பட்டிருந்தது. வேலை இருந்தது, வழி மட்டும் மூடியது. பருவத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து சட்டவிரோதிகள் ஆனார்கள். எங்களுக்குக் கதவைத் திறந்த அதே சட்டம், கொட்டுல்லா பிள்ளைகளின் உறவினர்களுக்குக் கதவைக் குறுக்கியது. இதைப் பற்றித் தெரிந்தவர்கள், குறிப்பாகத் தெற்கு டெக்சஸில் இருப்பவர்கள், எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.